சாவிக் கொத்துக்குக் கிடைத்த பெயர்

கல்யாண மண்டபத்திலோ பேருந்து நிலையத்திலோ ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால், கூட்டத்திலிருந்து முதலில் எழும் குரல் "யார்கிட்டயாவது சாவி இருந்தா கையில குடுங்கப்பா" என்பதுதான். கொடுத்த கொஞ்ச நேரத்தில் உதறல் அடங்கும். கண்ணால் கண்ட சாட்சியம் இருக்கையில், சாவியால் வலிப்பு நிற்பதில்லை என்று மருத்துவர் சொல்வது எடுபடுமா? ஆனால், ஏமாற்றுவதே அந்தச் சாட்சியம்தான். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். விழுந்தவரைப் பார்த்துப் பதறி, சாவி தேடி, இறுகிய விரல்களைப் பிரித்துத் திணிப்பதற்குள் அந்த நேரம் ஏறக்குறைய கழிந்துவிடுகிறது. வெண்டைக்காயைக் கொடுத்திருந்தாலும் அப்போதுதான் நின்றிருக்கும். என்ன, அவசரத்துக்கு யார் பையிலும் வெண்டைக்காய் இருப்பதில்லை.

மூளையில் நடப்பது மின்சாரம்தானே, இரும்பு அதை இழுத்துக்கொள்ளாதா என்று படித்தவர்களே கேட்கிறார்கள். இது கம்பியில் ஓடும் மின்சாரம் அல்ல. மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள். ஒவ்வொன்றும் தன் சவ்வுக்கு உள்ளேயும் வெளியேயும் சோடியம், பொட்டாசியம் அயனிகளை வெவ்வேறு அளவில் நிறுத்தி, சுமார் 70 மில்லிவோல்ட் வேறுபாட்டைக் காத்துவருகிறது. சோடியம் சட்டென்று உள்ளே பாயும்போது செய்தி பிறக்கிறது. தூண்டும் செல்களும் அடக்கும் செல்களும் ஒன்றையொன்று சரிக்கட்டும்வரை சிக்கலில்லை. அடக்கும் கை தளர்ந்து, லட்சக்கணக்கான செல்கள் ஒரே தாளத்தில் துடித்தால் அதுவே வலிப்பு. உள்ளங்கை, மூளையிலிருந்து வரும் கட்டளையின் கடைசி நிறுத்தம் மட்டுமே. அங்கே இரும்பை வைத்து மண்டைக்குள் நடப்பதை 'எர்த்' செய்வது, வானொலிப் பெட்டியின் வாயைப் பொத்தி நிலையத்தை மூடப் பார்ப்பது போன்றது. காந்த சக்தி என்பாருக்கும் ஒரு வார்த்தை: சாவி காந்தமே அல்ல. வலிப்பு நோயாளிகளைப் படுக்கவைக்கும் எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தப்புலம் பூமியினுடையதைப் போல் பல ஆயிரம் மடங்கு; அதில் படுத்து எழுந்ததாலேயே யாருக்கும் வலிப்பு தீர்ந்துவிடுவதில்லை.

எதிர்த்தரப்பில் ஒரே ஒரு வாதத்துக்கு வலு உண்டு. ஒரு கையில் மரமரப்பாகத் தொடங்கி மெல்லப் பரவும் சிலவகை வலிப்புகளில், தொடக்கத்திலேயே அந்தக் கையை அழுத்தித் தேய்த்தாலோ கட்டினாலோ பரவாமல் நின்றதாக 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். தோலிலிருந்து மேலேறும் உணர்வுச் செய்தி மூளையின் அந்தப் பகுதியைக் கொஞ்சம் கலைத்துவிடுகிறது போலும். ஆனால் அது நினைவு தப்புவதற்கு முன்னால் நடக்கும் காரியம். அதைத் துணியும் செய்யும், வெறும் கையும் செய்யும்.

'கொடுத்தால் என்ன குறைந்துபோகிறது' என்ற சமாதானம்தான் இருப்பதிலேயே மோசமானது. சாவி தேடும் கூட்டம், விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க மறந்துவிடுகிறது. எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். நாக்கை விழுங்கிவிடுவார் என்று வாயில் கரண்டி திணிப்பவர் பல்லைத்தான் உடைப்பார். நாக்கை யாராலும் விழுங்க முடியாது. இரும்பில் அடங்கும் நோய்க்கு மாத்திரை எதற்கு என்று சிகிச்சையைத் தள்ளிப்போடும் குடும்பங்களும் உண்டு. முறையாக மருந்து எடுத்தால் 10 பேரில் 7 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும். இதற்கெல்லாம் மேலாக, அந்தக் களேபரத்தில் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. 5 நிமிடம் தாண்டியும் உதறல் தொடர்ந்தால் அது மூளைக்கே ஆபத்து. அப்போது அழைக்க வேண்டியது 108.