வசூல் முன்னே, வசதி பின்னே!

நகரம் விரிவடையும்போது புதிய சாலைக்கும் குடிநீருக்கும் யார் பணம் தருவது? பழைய குடிமக்களின் வரிப்பணத்தை அதற்குச் செலவிடுவது நியாயமல்ல; புதிய கட்டுமானத்தால் பயனடைவோரே செலவையும் ஏற்க வேண்டும் என்கிற கோட்பாட்டில் பிறந்ததுதான் வளர்ச்சிக் கட்டணம். கோட்பாட்டில் குறை காண இடமில்லை. நடைமுறைக்குத் தில்லியை ஒட்டியுள்ள குருகிராமே சாட்சி.

ஹரியாணாவின் 1975-ஆம் ஆண்டு நகர்ப்புற வளர்ச்சி, ஒழுங்காற்றுச் சட்டப்படி, நிலத்தைக் குடியிருப்பாக மாற்றத் தனியாருக்கு உரிமம் வழங்கப்படுகிறது. வளாகத்துக்குள் வசதிகளைச் செய்வது உரிமதாரரின் பொறுப்பு. வெளியே பிரதான சாலை, குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால் ஆகியவற்றுக்காக அவர் அரசுக்கு வெளிப்புற வளர்ச்சிக் கட்டணம் செலுத்த வேண்டும். அதை அவர் வீடு வாங்குவோரின் தலையில் ஏற்றிவிடுகிறார்.

வீடு வாங்கியவர் பணம் கட்டிவிட்டார். ஆனால், உரிமதாரர்கள் பலர் அதை முழுமையாக அரசுக்குச் செலுத்தவில்லை. நிலுவை பல ஆயிரம் கோடி ரூபாயாகப் பெருகி, அதை வசூலிக்க அரசே சலுகைத் திட்டம் அறிவிக்கும் நிலை ஏற்பட்டது. 2016 ஜூலையில் பெய்த மழையில் பாதுஷாபூர் வடிகால் பொங்கி, ஹீரோ ஹோண்டா சந்திப்பில் வாகனங்கள் விடிய விடியச் சிக்கித் தவித்தன. 144 தடை உத்தரவு பிறப்பிக்க நேர்ந்தது. அடுக்குமாடிகள் எழுந்த பிறகே வடிகாலைப் பற்றிக் கவலைப்பட்டதன் விலை இது.

இன்னொரு முரண், கட்டணம் மாநில அரசுக்குச் செல்கிறது. வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மாநகராட்சி உறுப்பினர். நகராட்சிகளுக்கு அதிகாரம் வழங்கும் அரசியல் சாசனத்தின் 74-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தும், குருகிராமுக்கு மாநகராட்சி அமைந்தது 2008-இல்தான். பெருநகர வளர்ச்சி ஆணையத்துக்கான சட்டம் வந்ததோ 2017-இல்.

இந்நிலையில், 2025 ஜனவரி முதல் கட்டணத்தை 20 சதவீதமும், பின்னர் ஆண்டுதோறும் 10 சதவீதமும் உயர்த்த ஹரியாணா அமைச்சரவை முடிவெடுத்தது. செலவு கூடும்போது கட்டணம் உயர்வது இயல்பே. ஆனால், கணக்கு எங்கே?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலச் சட்டம், பத்தாண்டுகளுக்குள் செலவிடப்படாத கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அத்தகைய காலக்கெடு இங்கும் தேவை. எந்தப் பகுதியில் வசூலித்தோம், எந்தப் பணிக்குச் செலவிட்டோம் என்பதைத் தனிக் கணக்கில் வைத்து ஆண்டுதோறும் வெளியிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். வடிகாலும் குடிநீரும் வந்து சேராத இடத்தில் புதிய உரிமம் வழங்குவதையும் நிறுத்த வேண்டும்.

வசதிக்காக வசூலிக்கப்படுவது கட்டணம். வசதியே வராவிட்டால், அதற்குப் பெயர் தண்டம்!