பன்றிக் கொட்டிலும் பட்டுத் தறியும்

பன்றி வளர்ப்பு ஆதாயமுள்ள தொழில் என்பதில் ஐயமில்லை. நான்கு மாதத்திற்குச் சற்றுக் குறைந்த சினைக்காலம், ஓர் ஈற்றில் பல குட்டிகள், விரைந்த வளர்ச்சி ஆகியவற்றால் சிறு முதலுடையோர் இதனை நாடுவது இயல்பே. ஆயினும் தேசூர் போன்று தெருவில் பட்டுத் தறியும் ஊர்ப்புறத்தில் நெல்வயலும் அமைந்த இடங்களில் இத்தொழிலைப் பற்றிய பேச்சு எழுந்தவுடன் இரண்டு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. நாற்றத்தில் தறியில் அமர இயலாது என்பர் நெசவாளர். எங்கள் பிழைப்பைக் கெடுக்கலாகாது என்பர் வளர்ப்போர். இருவர் கூற்றிலும் நியாயமுண்டு. வழக்கின் மூலம் பன்றியில் இல்லை, அதன் சாணத்திற்குப் பொறுப்பேற்பார் இல்லாமையில் இருக்கிறது என்பதே நம் கருத்து.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள பன்றி, சாணமும் சிறுநீருமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 கிலோ கழிக்கும். இருபது பன்றிகளுக்கு ஆண்டுக்கு 29 டன் ஆகிறது. அதிலுள்ள தழைச்சத்து ஏறத்தாழ 160 கிலோ. அதாவது 45 கிலோ யூரியா மூட்டை ஏழுக்குமேல் வாங்கினால் கிடைக்கும் சத்து. இதனை ஓடையில் விடுபவர் தம் பணத்தையே ஓடையில் விடுகிறார்.

நாற்றம் எங்கிருந்து வருகிறது? சாணமும் சிறுநீரும் கலந்தால் அமோனியா எழும். காற்றுப் புகாமல் தேங்கி அழுகினால் அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும். வெள்ளியைக் கறுக்கச் செய்வது இந்த வாயுவின் இயல்பு. வெள்ளிச் சரிகையை நம்பி வாழும் ஊரில் இது முகஞ்சுளிப்போடு முடியும் செய்தியன்று. மூடிய சாணக்குழியில் இவ்வாயு நிறைந்திருப்பின் உள்ளே இறங்குபவரின் உயிரையே பறிக்கும்.

தண்ணீரைப் பற்றியும் நெசவாளர் கவலை கொள்வது தகும். பட்டின் பசை நீக்கவும் சாயம் தோய்க்கவும் கிணற்று நீர் தூய்மையாக இருத்தல் வேண்டும். அளவுக்கு மிஞ்சிய சாணநீர் மண்ணில் இறங்கினால் கிணற்றில் நைட்ரேட் ஏறும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அஃது இருத்தல் கூடாதென்பது நம் நாட்டுத் தர நிர்ணயம். கைக்குழந்தைகளுக்கு அது பெருந்தீங்கு. காய்ச்சிக் குடிப்பதால் நீங்குவதுமன்று.

இன்னொன்றையும் மறக்கலாகாது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக 1955ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில்தான். அக்கிருமி பன்றியின் உடலில் பெருகும். கொக்கு இனப் பறவைகளிடத்தும் உண்டு. நெல்வயல் நீரில் பிறக்கும் கொசு அதனை மக்களிடம் கொண்டுவருகிறது. பன்றியைத் தொடுவதாலோ வளர்ப்போருடன் பழகுவதாலோ அந்நோய் வராது. ஆகவே அவர்களை ஒதுக்குவது அறிவீனம். கொட்டிலை வீடுகளினின்றும் தள்ளி வைப்பதும், கொசுவலை கட்டுவதும், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதுமே அறிவுடைமை.

பரிகாரம் கடினமானதன்று. தரையைச் சற்றுச் சரிவாக அமைத்துச் சிறுநீரைத் தனி வாய்க்காலில் பிரிக்க வேண்டும். சாணத்தை நாள்தோறும் உலர்வாக வழித்தெடுத்த பின்னரே கழுவ வேண்டும். அள்ளிய சாணத்தை மணிலாத் தோல், வைக்கோல், கரும்புச் சோகை இவற்றுடன் அடுக்கிக் குவித்து, அவ்வப்போது கிளறி, மழை படாமல் கூரையிட்டால் குவியல் சூடேறிப் புழுக்களின் முட்டையும் களைவிதையும் மடியும், நாற்றமும் அடங்கும். சாணத்தின்மேல் சுண்ணாம்பு தூவும் வழக்கத்தைக் கைவிடுக. அது தழைச்சத்தை அமோனியாவாக வெளியேற்றி நாற்றத்தை மிகுவிக்கும். நம் பக்கத்தில் தென்மேற்கும் வடகிழக்குமாகப் பருவக்காற்று மாறி வீசுவதால், ஊருக்கு அவ்விரு திசைகளிலும் கொட்டில் அமைத்தலைத் தவிர்க்க வேண்டும்.

எத்தனை பன்றிகள் வளர்க்கலாம் என்பதை நிலமே தீர்மானிக்க வேண்டும். 1991ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகள் வகுத்த நைட்ரேட் விதியின்படி, நிலத்தடி நீர் கெடக்கூடிய பகுதிகளில் ஹெக்டேருக்கு 170 கிலோவுக்கு மேல் கால்நடை எருவின் தழைச்சத்தை இடலாகாது. அந்த அளவையே கொண்டால் நம் ஏக்கர் ஒன்று எட்டுப் பன்றிகளின் எருவைத் தாங்கும். இருபது பன்றிக்கு இரண்டரை ஏக்கர் வேண்டும்.

சொந்த நிலமில்லாதவர் என்ன செய்வது? இங்கேதான் கூட்டுறவுக்கு வேலை இருக்கிறது. எருவை எடுத்துக்கொள்ள நிலமுடைய அங்கத்தினர் இருவர் மூவர் எழுத்து மூலம் இசைந்தால், அதனையே கடன் மனுவுடன் இணைக்கலாம். எருவுக்குச் சங்கம் ஒரு விலை நிர்ணயித்து, வளர்ப்பவர் கணக்கில் வரவு வைத்துக் கடனுக்கு ஈடுசெய்யலாம். கொட்டில் பார்வைக் குழுவில் நெசவாளர் ஒருவரும் இடம்பெறுதல் வேண்டும். கடன் கொடுக்குமுன் பன்றியின் விலையையும் தீவனச் செலவையும் விசாரிக்கும் நாம், சாணம் எங்கே போகும் என்று ஒரு வரி கேட்பதில்லை. அந்த ஒரு வரி மனுப் படிவத்தில் ஏறட்டும். விடையில்லாத மனுவைத் திருப்பி அனுப்பலாம்; விடையுள்ள மனுவை, பன்றி என்ற பெயருக்காகவே தள்ளிவைத்தல் கூடாது. வரும் பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனைத் தீர்மானமாகவே கொண்டுவருவார்களாக.