குளியலறைச் சுவரை உடைக்க முன்



2023 பெப்ரவரியில் தற்காலிக விசாவில் இருந்தவர்களுக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்த பிறகு எங்கள் ஆட்கள் சிலர் வீடு வாங்க வெளிக்கிட்டிருக்கிறார்கள். நோபல் பார்க், ஸ்பிரிங்வேல், டண்டினோங் பக்கத்தில் எங்கள் கைக்கு எட்டுவது பெரும்பாலும் பழைய வீடு, அல்லது வரிசையாகக் கட்டிய பழைய யூனிற். வாங்கியதும் முதலில் கண்ணில் குத்துவது குளியலறைதான். மங்கிய ரைல்ஸ், பூஞ்சணம் பிடித்த மூலை, மிதித்தால் ஆடும் தரை. "நாலு பேர் சேர்ந்தால் ஒரு சனி ஞாயிறில் உடைத்துப் போடலாம்" என்று வேலைத்தலத்துச் சாப்பாட்டு நேரத்தில் கதை தொடங்கிவிடும். அந்தச் சுத்தியலைத் தூக்க முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1950களில் டண்டினோங்கில் இன்டர்நாஷனல் ஹாவெஸ்டர், ஹைன்ஸ், ஹோல்டன் என்று மூன்று பெரிய தொழிற்சாலைகள் வந்தன. சுற்றிவர வீடுகளும் பெருகின. அந்தக் காலத்தில் குளியலறை, லோண்டரி போன்ற ஈரமான இடங்களில் சுவருக்கு அடித்தது அநேகமாக அஸ்பெஸ்டஸ் கலந்த சீமெந்துச் சீற். இங்கே 'பைப்ரோ' என்பார்கள். ரைல்ஸ் அதன் மேல் ஒட்டப்பட்டிருப்பதால் வெளியே தெரியாது. அவுஸ்திரேலியா 2003 டிசம்பர் 31 முதல் அஸ்பெஸ்டஸை முற்றாகத் தடை செய்தது. ஆனால் ஏற்கெனவே சுவரில் இருந்தது சுவரிலேயே இருக்கிறது. 1990க்கு முன் கட்டிய வீடு என்றால், சோதித்துப் பார்க்கும் வரை இருக்கிறது என்றே எண்ணி நடக்க வேண்டும்.

எங்களுக்கு அஸ்பெஸ்டஸ் என்றால் கூரைச் சீற். ஊரில் கிடுகைக் கழற்றிச் சீற் போட்டவர் வசதிக்காரர். அதன் கீழ் படுத்து வளர்ந்தவர்கள் பயப்படமாட்டார்கள். இலங்கையும் 2018 முதல் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப் போவதாகத்தான் இருந்தது. 2017 டிசம்பரில், அஸ்பெஸ்டஸ் விற்கும் ரஷ்யா, ஒரு வண்டைக் காரணம் காட்டி எங்கள் நாட்டுத் தேயிலையை நிறுத்தியதும் அந்த முடிவு கைவிடப்பட்டது. ஆகவே ஊரில் இன்னும் பாவிக்கிறார்கள் என்பதை வைத்து இதை எடை போடாதீர்கள்.

முழுதாக, பெயின்ற் பூசியபடி அசையாமல் இருக்கும் சீற்றால் பெரிய ஆபத்தில்லை. உடைத்தால், துளைத்தால், அறுத்தால், உரஞ்சினால்தான் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கிளம்பும். அவை நுரையீரலுக்குள் போனால் திரும்பி வருவதில்லை. மெசோதீலியோமா என்ற புற்றுநோய் 20 முதல் 50 வருடம் கழித்தும் வரும். முப்பது வயதில் உடைத்தவருக்குப் பேரப்பிள்ளையைத் தூக்கும் வயதில் மூச்சு முட்டும். தூசு உடுப்பில் ஒட்டியும் வீட்டுக்குள் வரும். கணவனின் வேலை உடுப்பைத் தோய்த்த பெண்களும் இந்த நாட்டில் இந்த நோயால் இறந்திருக்கிறார்கள்.

ஆகவே முதல் வேலை சோதனை. தெரிந்த ஒருவரைக் கொண்டு சிறு துண்டு எடுப்பித்து, 'நாற்றா' அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். குளியலறை முழுவதற்கும் ஆகும் செலவோடு பார்த்தால் இது சின்னக் காசு. இருப்பது உறுதியானால் லைசென்ஸ் உள்ளவர்கள் வந்து கழற்றட்டும். கழற்றியதை வீட்டுக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது.

அடுத்தது பைப்பும் கரண்டும். சொந்த வீடென்றாலும் விக்ரோறியாவில் லைசென்ஸ் இல்லாமல் இந்த வேலைகளைச் செய்ய முடியாது. பிளம்பரின் வேலை 750 டொலர் அல்லது அதற்கு மேல் என்றால் அவர் சான்றிதழ் தரவேண்டும். எலெக்ரீஷியனும் பாதுகாப்புச் சான்றிதழ் தரவேண்டும். கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். தெரிந்த அண்ணை, மலிவாகச் செய்கிறார் என்பது சான்றிதழ் ஆகாது. யூனிற் என்றால் பக்கத்து வீட்டோடு பொதுவாக ஓடும் பைப்பைத் தொட முன் உரிமையாளர் சங்கத்திடமும் கேட்க வேண்டும்.

மூன்றாவது, எங்கள் குளிப்பு. நாங்கள் வாளியில் அள்ளி வார்த்துப் பழகியவர்கள். கிணற்றடித் தண்ணீர் எங்கே ஓடினாலும் வாழைக்குப் போய்ச் சேரும். இங்கே பழைய குளியலறைகள் பலவற்றில் சவருக்குள் மட்டுமே தண்ணீர் போக ஓட்டை உண்டு. தரைக்குக் கீழே மரம். வெளியே சிந்தும் தண்ணீர் ரைல்ஸ் இடுக்கால் இறங்கி மரத்தை உக்க வைக்கும். தரை ஆடுவதற்கு அதுவும் ஒரு காரணம். ரைல்ஸ் தண்ணீரைத் தடுக்காது; அதன் கீழே பூசும் வோட்டர்புறூவ் பூச்சுத்தான் தடுக்கும். சவர்ச் சுவரில் அது 1,800 மில்லிமீற்றர் உயரத்துக்காவது இருக்க வேண்டும். வெளித்தரைக்கும் ஒரு ஓட்டை வைத்து, அதை நோக்கித் தரையைச் சரிக்கச் சொல்லுங்கள். ரைல்ஸ் ஒட்ட முன் பூச்சை நீங்களே பாருங்கள், படமும் எடுத்து வையுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள் எதையும் உடைக்க வேண்டாம். 2021 மார்ச் 29 முதல் வாடகை வீட்டுக் குளியலறையில் சுடுதண்ணீரும் குளிர்தண்ணீரும் வர வேண்டும், கட்டடத்தால் வரும் பூஞ்சணம் இருக்கக் கூடாது என்பது சட்டம். பைப் வெடித்தாலோ மலசலகூடம் அடைத்தாலோ அது அவசரத் திருத்தம். வீட்டுக்காரர் உடனே கவனிக்காவிட்டால் 2,500 டொலர் வரை நீங்களே செய்வித்து அவரிடம் திரும்பப் பெறலாம். முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் 131 450க்கு எடுங்கள்.

குளியலறை இன்னும் ஒரு வருடம் அழகில்லாமல் இருந்தால் ஒன்றும் குறையாது. குண்டுக்குத் தப்பி வந்த நெஞ்சைத் தூசுக்குக் கொடுக்க வேண்டாம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.