காரம் கொஞ்சம் தூக்கல்!

பள்ளிக்கூட வேதியியல் புத்தகத்தில் காரம் கசக்கும். தொட்டால் சோப்பு மாதிரி வழவழ. அமிலத்துக்கு எதிர்க்கட்சி. வீட்டுக்கு வந்து வத்தக்குழம்பில் கை வைத்தால், அதே காரம் கண்ணில் தண்ணி வரவழைக்கிறது. ஒரே சொல்லுக்கு எத்தனை வேஷம், சார்!

'ஸ்வீட், காரம், காபி'யில் காரம் என்றால் இனிக்காத பலகாரம், அவ்வளவுதான். ஓமப்பொடியில் மிளகாய் பேருக்குத்தான். ஆனாலும் அது காரம். 'ஹெட் ஆபீசுக்குக் காரமா ஒரு மெயில் தட்டியிருக்கேன்' என்பவர் அதில் அஞ்சு இடத்தில் 'பணிவுடன்' போட்டிருப்பார். 'பையன் கெட்டிக்காரன், பேச்சுதான் கொஞ்சம் காரம்' என்றால், இந்த வருஷம் இன்க்ரிமெண்ட் கிடையாது என்று அர்த்தம். ஆள் குள்ளமாக இருந்தால் இருக்கவே இருக்கிறது, கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது.

பழமொழியில் மிளகாய் இல்லை, கவனித்தீர்களா? மிளகாய் வெளியூர்ச் சரக்கு. 1498-ல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது மிளகுக்காக. பின்னாலேயே போர்த்துக்கீசியர்கள் அமெரிக்க மிளகாயைக் கொண்டுவந்தார்கள். நம்மவர்கள் மிளகின் பெயரையே அதற்கும் ஒட்டி வீட்டோடு வைத்துக்கொண்டார்கள். முன்னோர்களுக்கு மட்டும் இன்னும் தகவல் போகவில்லை. ஸ்ரீரங்கத்து வீடுகளில் திவசத்தன்று மிளகாய்க்கு லீவு, மிளகுதான்.

அறுசுவையில் நாம் கார்ப்புக்கு ஸீட் கொடுத்தோம். விஞ்ஞானமோ, அது சுவையே இல்லை, எரிச்சல் என்கிறது. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் மூளைக்குத் தந்தி அடிக்கிற உணர்வி ஒன்று நாக்கில் இருக்கிறது. மிளகாயின் கேப்சைசினும் அதைத்தான் தட்டுகிறது. கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021 நோபல் பரிசில் பங்கு. காரம், சூடு இரண்டையும் 'ஹாட்' என்கிற வெள்ளைக்காரன் (பெயரிலேயே காரம்!) இந்த ஒரு பாடத்தில் பாஸ்.

விஷயம் இனிமேல்தான். அந்த உணர்வி தினம் அடி வாங்கினால் மரத்துப்போகும். நேற்று உறைத்த அரை ஸ்பூன் இன்று உறைக்காது. ராத்திரி டி.வி.யில் காரசாரமான விவாதமும் இப்படித்தான் டோஸ் ஏறுகிறது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறிப் பாருங்கள். ஓயாமல் கத்துகிறவரை ஒருத்தரும் சட்டை செய்வதில்லை. வாயே திறக்காத ஆள் ஒருதடவை 'என்னங்க இது!' என்று குரல் உயர்த்தினால், காவிரிப் பாலம் தாண்டும் வரை பஸ்ஸே கப்சிப்.

வீட்டில் இது வேடிக்கை இல்லை. எடுத்ததுக்கெல்லாம் எரிந்து விழுகிற அப்பா ஒருநாள் நிஜமாகவே பதறி, 'டேய், ரோட்டுல இறங்காதே!' என்று கத்துவார். பையன் அதையும் வழக்கமான காரம் என்று நினைத்து இறங்கிவிடுவான்.

இன்னொன்று. காரத்துக்குத் தண்ணீர் பிரயோஜனமில்லை. கேப்சைசின் அதில் சரியாகக் கரையாது. பாலும் தயிரும்தான் கேட்கும். அதனால் அந்த ஹெட் ஆபீஸ் மெயிலை எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். அனுப்புவதற்கு முன்னால் மட்டும் ஒரு டம்ளர் மோர் சாப்பிட்டுவிடுங்கள்!