எழுதிய கை யாருடையது?

முப்பத்துநான்கு வருடம் அரசாங்கத்தில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் நான். கீழ்ப்படிதலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் போன மாதம் ஒரு ஜெபக்கூட்டத்தில் ஓர் இளம் பிரசங்கியார் எடுத்தார். அதிகாரிகளைக் கேள்வி கேட்பவன் கடவுளையே கேள்வி கேட்கிறானாம். ஆதாரம், உரோமையருக்கு எழுதிய நிருபம், 13-ஆம் அதிகாரம். என் வயதுக்காரர்கள் பலர் தலையாட்டினார்கள். எனக்குத் தலை ஆடவில்லை.

அந்த நிருபத்தை எழுதியவர் சின்னப்பர். (இப்போது பவுல் என்கிறார்கள்.) ஆளும் உரிமை கடவுளிடமிருந்து வருகிறது, வரியைக் கட்டு, மரியாதை கொடு என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே இடத்தில், ஆள்பவன் மக்களின் நன்மைக்காகக் கடவுள் வைத்த ஊழியன் என்றும் சொல்கிறார். ஊழியன் என்றால் அவனுக்கு மேலே ஓர் எஜமான் இருக்கிறார் என்றுதானே அர்த்தம்? குமாஸ்தாவுக்கு இது சட்டென்று விளங்கும். சுற்றறிக்கை சட்டத்தை மீற முடியாது. மேலிருந்து ஒப்படைத்த அதிகாரத்துக்கு எல்லை உண்டு. எல்லை தாண்டிய உத்தரவு செல்லாது.

சின்னப்பர் எப்படி நடந்துகொண்டார் என்றும் பார்ப்போம். பிலிப்பி நகரில் விசாரணையே இல்லாமல் அவரை அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் காலை, சத்தமில்லாமல் போய்விடு என்றார்கள். அவர் போகவில்லை. உரோமைக் குடிமகனை விசாரிக்காமல் அடித்தவர்களே நேரில் வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்றார். வந்தார்கள். பிற்காலத்தில் ஆளுநர் முன்னே நின்று, இராயனிடம் மேல்முறையீடு செய்தார். இராயப்பரும் அப்படித்தான். ஆள்பவர்களுக்குப் பணியச் சொல்லி நிருபம் எழுதினார். ஆனால் ஆலோசனைச் சங்கம் வாயை மூடு என்றபோது, கடவுளுக்கே முதலில் கீழ்ப்படிவோம் என்றார்.

பிரெஞ்சில் படித்த எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1940-ல் பிரான்ஸ் தோற்றபின் மார்ஷல் பெத்தேன் விஷியில் ஆட்சி அமைத்தார். ஆயர்கள் பலர் அவருக்குப் பணிந்தார்கள். 1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிசில் சுமார் 13,000 யூதர்களைப் பிடித்தது பிரெஞ்சுப் போலீஸ்தான். அவர்களில் 4,000-க்கு மேல் குழந்தைகள். முகவரிகளை முன்கூட்டியே அட்டை அட்டையாக எழுதி அடுக்கி வைத்திருந்தவர்கள் யார்? என்னைப்போல் குமாஸ்தாக்கள். உத்தரவுக்குப் பணிந்தவர்கள்.

அடுத்த மாதமே துலூஸ் பேராயர் சலியேஜ் ஒரு மடல் எழுதினார். பக்கவாதத்தால் முடங்கி, பேசவே சிரமப்பட்டவர் அவர். யூதர்களும் மனிதர்களே, அவர்களை இஷ்டப்படி நடத்த யாருக்கும் உரிமையில்லை என்பது அதன் சாரம். ஆகஸ்ட் 23, ஞாயிறு பூசையில் வாசிக்கச் சொன்னார். பிரெஃபே தடை போட்டார். தடையை மீறிப் பல கோயில்களில் வாசித்தார்கள். இவர்களில் யார் நல்ல கிறிஸ்தவர்? அட்டை எழுதியவரா, மடல் வாசித்தவரா? நம் புதுச்சேரி ஆளுநர் போன்வேனும் 1940-லேயே விஷியை விட்டு தெ கோல் பக்கம் சேர்ந்தார். அது பாவம் என்று இங்கே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி என் கதை. ஒரு விதவையின் மனு கெடுவுக்குள் வந்தது. வரவு முத்திரை போட்டவனே நான்தான். தாமதமாக வந்ததாகக் குறிப்பு எழுது என்றார் மேலதிகாரி. எழுதினேன். பாவசங்கீர்த்தனத்தில், “மேலிடத்து உத்தரவு சாமி” என்றேன். கிழச் சாமியார் ஒன்றே ஒன்று கேட்டார்: “எழுதின கை யாருடையது?”

அந்த அம்மாளைத் தேடிப் போக எனக்கு இரண்டு வருடமாயிற்று. போனபோது அவர் வீட்டைக் காலி செய்து போயிருந்தார். எங்கே என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.

நான் கலகம் செய்யச் சொல்லவில்லை. உத்தரவு தப்பென்றால் மரியாதையாக மறுத்து, அதைக் கோப்பிலேயே எழுதிக் கையெழுத்துப் போடலாம். மெமோ வந்தால் வாங்கிக்கொள்ளலாம். மாற்றல் வந்தால் பெட்டியைக் கட்டலாம். தண்டனைக்குப் பணிவதும் பணிவுதான். நான் அன்று செய்தது பணிவல்ல, பயம். அதற்கு விசுவாசம் என்று பெயர் வைக்காதீர்கள்.