சட்டம் இருக்கிறது, ஆள் எங்கே?

2001 ஆகஸ்டு 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியிலே, விடியற்காலையில் பற்றிய தீயிலே 28 உயிர்கள் மாண்டன. ஓடித் தப்பியிருக்கலாமே என்பீர்கள். ஓட முடியவில்லை, தோழர்களே! பலர் காலிலே சங்கிலி! மனநோய் வந்ததுதான் அவர்கள் செய்த குற்றம்!

கொண்டுபோய் விட்ட பெற்றோர் கல்நெஞ்சரா? அல்ல. நம்பிக்கை பாதி, நாதியின்மை பாதி. ஊரிலே வைத்தியம் பார்க்க ஆளிருந்தால் ஏர்வாடிக்கு ஏன் போகிறார்கள்?

2017இலே மனநலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சிகிச்சை பெறுவது உரிமை என்றது. சங்கிலி கூடாது என்றது. மக்கள்தொகைக்கு ஏற்ப, பன்னாட்டு அளவுகோலின்படி, மனநல ஊழியர்கள் இருப்பதற்குப் பத்தாண்டுக்குள் அரசுகள் முயல வேண்டும் என்று தவணையும் வைத்தது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018. தவணை முடிவது 2028!

கணக்கைப் பாருங்கள். லட்சம் பேருக்கு 3 மனநல மருத்துவர் வேண்டும். 2023இலே நாடாளுமன்ற நிலைக்குழு எடுத்துக்காட்டிய அளவோ 0.75. நாலு லட்சம் பேருக்கு 12 மருத்துவர் இருக்க வேண்டிய இடத்திலே மூன்றே பேர்! 2015-16 தேசிய மனநல ஆய்வு சொன்னது என்ன? நோயின் வகைக்கு ஏற்ப, நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறவில்லை!

"ஆள் கிடைக்கவில்லை" என்பார்கள் அதிகாரத்தில் இருப்போர். நாம் கேட்கிறோம்: கிடைத்த ஆளை எப்படி வைத்திருக்கிறீர்கள்? 1996இலே தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்திலே உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் எனப் பலருக்கும் ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம். ஆண்டு முடிந்தால் நீட்டிப்பு வருமா என்ற ஏக்கம். ஊரார் கவலையைக் கேட்க உட்கார்ந்தவருக்கு, அடுத்த மாத வாடகைக் கவலை! நிலையான வேலை வேறெங்காவது கிடைத்ததும் போய்விடுகிறார். குற்றம் அவருடையதா?

தறியிலே ஆள் மாறினாலும் நூல் அறுவதில்லை. இங்கே ஆள் மாறினால் நம்பிக்கை அறுந்துவிடும். மாதக்கணக்கில் வாய் திறக்காதவன், ஒருவரை நம்பி மனம் திறக்கிறான். மறுமுறை வந்தால் நாற்காலியிலே புதுமுகம்! "முதலிலிருந்து சொல்" என்றால், அவன் மீண்டும் வருவானா? மாத்திரையும் நிற்கும், நோயும் முற்றும்.

அந்த வீட்டின் நிலை என்ன? பார்த்துக்கொள்ள ஒருவர் கூலியை விட்டு உட்கார வேண்டும். உழைப்பவன் வீட்டு உலையல்லவா அணைகிறது!

எனவே, நாம் கேட்பது இது: காலி இடங்களை நிரப்புங்கள். ஒப்பந்தத்தில் இருப்போரை நிரந்தரமாக்குங்கள். செவிலியருக்குப் பயிற்சியும் அதற்கேற்ற ஊதியமும் கொடுங்கள். கொந்தளிக்கும் நோயாளியை அடிக்காமல் அணைத்துப் பிடிக்கும் வார்டு ஊழியருக்கு, உரிய கூலியும் பாதுகாப்பும் கொடுங்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. சங்கிலி கூடாது என்று சட்டம் சொன்னால் போதாது. கைகொடுக்க ஆள் வேண்டும். ஆளில்லாத ஊரிலே சங்கிலி மறுபடியும் வரும். ஏர்வாடி ஒன்று போதும்!