பெங்களூருக்கு முதலிடம்: மார்க் வந்த வழி என்ன?

விவேக் நகர் – நமது நிருபர்

வாழ்வதற்கு எளிதான நகரம் எது? இந்தக் கேள்விக்கு மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட பட்டியலில் பெங்களூருக்கு 58-வது இடம். 2021 மார்ச்சில் வெளியிட்ட பட்டியலில், 10 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் முதல் இடம்!

இரண்டரை ஆண்டில் நம் தெருக்கள் அப்படி மாறிவிட்டனவா? இல்லை. பெரிய நகரம், சிறிய நகரம் என்று பட்டியல் பிரிக்கப்பட்டது. மார்க் போடும் முறையும் மாறியது.

2018-ல் குடிநீர், சாலை, வீட்டுவசதி போன்றவற்றுக்கு 100-க்கு 45 மார்க். பொருளாதாரத்துக்கு வெறும் 5. அடுத்த முறை வாழ்க்கைத் தரத்துக்கு 35, பொருளாதார வலிமைக்கு 15, நீடித்த வளர்ச்சிக்கு 20, மக்கள் கருத்துக்கு 30 என்று பிரித்தார்கள்.

சென்னை முந்தியது

வாழ்க்கைத் தரத்தை மட்டும் பார்த்தால் முதலிடம் சென்னைக்கு: 60.84. இரண்டாவது கோவை. பெங்களூர் பெற்றது 55.67தான். ஆனால் பொருளாதாரத்தில் பெங்களூருக்கு 78.82, அடுத்து வந்த டில்லிக்கே 50.73. எல்லாம் கூட்டியபோது பெங்களூர் 66.70 பெற்று முதலிடம்; சென்னை 62.61 பெற்று நான்காம் இடம்.

வசதியுள்ள ஊரை விட்டு, வேலையுள்ள ஊருக்கு வந்தவர்கள் நாம். அந்தக் கணக்கை இந்த எண்களும் சொல்கின்றன. ஆனால் பொருளாதார மார்க் என்பது கூலிக்காரரின் சம்பளம் அல்ல. வங்கிக் கடன் வசதி, புதுத் தொழில்களை வளர்க்கும் நிலையங்கள் போன்றவற்றைப் பார்த்துப் போட்டது. பத்து மாத வாடகையை அட்வான்சாகக் கொடுத்துக் குடியேறியவரின் கைக்கு அதில் எவ்வளவு வந்தது என்பது வேறு கணக்கு.

அதே 2021-ல் மாநகராட்சிகளின் செயல்பாட்டுக்குத் தனிப் பட்டியல் வந்தது. அதில் இந்தூர் முதலிடம்; பெங்களூர் 31. லண்டனில் உள்ள எக்கனாமிஸ்ட் ஆய்வுப் பிரிவு 2022-ல் 172 உலக நகரங்களை வரிசைப்படுத்தியபோது சென்னைக்கு 142, பெங்களூருக்கு 146. அதில் இடம்பெற்ற இந்திய நகரங்களில் பெங்களூர்தான் கடைசி!

எது உண்மை?

எதுவும் பொய்யல்ல. எதற்கு எத்தனை மார்க் என்று முடிவு செய்பவரே முதலிடத்தையும் முடிவு செய்கிறார். ஊர் முழுவதற்கும் சராசரி போடும்போது வார்டுக்கு வார்டு உள்ள வித்தியாசம் மறைந்துவிடுகிறது. 2024 கோடையில் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, மக்கள் டேங்கர் லாரிக்குக் காத்து நின்றார்கள். காவிரிக் குழாய் உள்ள தெருவுக்கும் இல்லாத தெருவுக்கும் அன்று ஒரே மார்க் போட முடியுமா?

2015-ல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2025 மார்ச்சோடு முடிந்தது. பட்டியல்கள் இனியும் வரும். அடுத்த முறை வார்டு வாரியாக மார்க் போடச் சொல்லிக் கேட்போம். விவேக் நகருக்கும் ஈஜிபுராவுக்கும் நீலசந்திராவுக்கும் தனித்தனி மார்க் வந்தால், கவுன்சிலரிடம் கேள்வி கேட்க நம் கையிலும் ஒரு கணக்கு இருக்கும்.